ரோஜா என்று நினைத்துக் கொடுத்தது

ரோஜா அத்தர் குப்பி கடையிலேயே இருக்கிறது. கழுத்தில் நீ கட்டிய மெரூன் நூல், மூடிவரை எண்ணெய், ஒரு சொட்டுக் குறையவில்லை. அது இங்கே இருக்கக் கூடாது. ஐம்பது நாளுக்கு முன்னால், உன்னைக் கடைசியாகக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த பெண்களிடம் திரைக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு குப்பியை நீட்டினேன். அது இதுதான் என்று போன திங்கட்கிழமைவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். கையில் போன், போனில் ஏதோ ஒரு செண்ட்டின் படம், அதன் கீழே டாப் நோட், மிடில் நோட், பேஸ் நோட் என்று மூன்று வரி. நோட்ஸ் என்றால் என்ன ஆன்ட்டி, ஒரே பாட்டிலில் மூன்று செண்ட்டா என்று கேட்டாள். நீ இருந்திருந்தால் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்திருப்பாய், டீ சொல்லியிருப்பாய், அவள் அடுத்த பஸ்ஸையும் விட்டிருப்பாள். நான் நின்றுகொண்டே, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி உன் பேச்சை ஒப்பித்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. மல்லிகையை மட்டும் தனியாகக் காட்ட முடியுமா என்றாள். நீ போன நாளுக்கப்புறம் திறக்காமலேயே வைத்திருந்த உன் மரப்பெட்டியைத் திறந்தேன். வெள்ளை நூல் மல்லிகை இருந்தது. பக்கத்தில் மெரூன் நூல் ரோஜா இருந்தது. கடைசிக் குழியில் இருக்கவேண்டிய காபி கலர் நூல் குப்பியைக் காணோம்.

காபி கலர் நூல் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோல்.

விஷயம் இதுதான். போகும்போது ரோஜா வாசத்தோடு போகவேண்டும் என்று நீ ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னாய். நான் உன்னைத் தோல் வாசத்தோடு அனுப்பிவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு மல்லிகையைக் காட்டினேன், வாங்கிக்கொண்டு போனாள். அதற்கப்புறம் டீ குடித்தேன். கூட்டினேன். ஷட்டரை இறக்கிவிட்டு மாதனூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன், ஜன்னலோரமாக இடம் கிடைத்தது. எனக்கு நெஞ்சு படபடக்கவில்லை, கண்ணில் தண்ணீர் வரவில்லை. நீ செத்துப் போனதிலிருந்தே இப்படித்தான் இருக்கிறேன். கையை மடித்து வைத்துத் தூங்கி எழுந்தால் கை நம்முடையது மாதிரி இருக்காதே, அப்படி. சாப்பிடுகிறேன், வியாபாரம் பார்க்கிறேன், உன் வீட்டுக்காரரை வழியில் பார்த்தால் சௌக்கியம் விசாரிக்கிறேன்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வந்து பிரியாணியும் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. தம் உடைத்த இடத்தில் நின்றுகொண்டிருந்தபோது உன் பேச்சு ஞாபகம் வந்தது. நோட்ஸ் என்று யார் கேட்டாலும் நீ முதலில் கேட்பது, "பிரியாணி சாப்புடுவியா?" என்றுதான். இந்த ஆம்பூரில் யார் இல்லை என்று சொல்லப் போகிறார்கள். தம் உடைத்த உடனே குப்பென்று முகத்தில் அடிக்கிற புதினாவும் கொத்தமல்லியும் டாப் நோட். அது கொஞ்ச நேரம்தான் நிற்கும். தட்டில் போட்டு உட்கார்ந்த பிறகு வருகிற கறியும் மசாலாவும் மிடில் நோட், அதைத்தான் சாப்பிடுகிறோம். கை கழுவி, துணி துவைத்து, சாயங்காலம் விரலை மூக்குக்கிட்டே கொண்டுபோனால் இன்னும் ஒன்று இருக்கும். "அதுதான் பேஸ் நோட். சோப்புக்கும் போவாது" என்பாய். வாங்க வந்தவர்கள் தங்கள் விரலையே மோந்து பார்ப்பார்கள்.

சோப்புக்கும் போகாது என்பது உனக்குப் புத்தகப் பாடம் இல்லை. நாம் சந்தித்த ஷூ கம்பெனியில் நீ ஸ்கைவிங் மெஷினில் உட்கார்ந்து தோலின் ஓரத்தைச் சீவித்தள்ளுவாய். நான் அடுத்த மேஜையில் அதற்குப் பசை தடவி மடித்து ஒட்டுவேன். பதினான்கு வருஷம். ஷிஃப்ட் முடிந்து மணி அடித்ததும் எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடுவோம், நீ குழாயடிக்கு ஓடுவாய். டிபன் டப்பாவின் மூடியில் எலுமிச்சம்பழத் தோல் வைத்திருப்பாய். அதைப் போட்டு விரலிடுக்கெல்லாம் தேய்ப்பாய், அப்புறம் சோப்பு, அப்புறம் மறுபடி எலுமிச்சை. என்ன, கைக்கு ஊறுகாய் போடுகிறாயா என்று நான் கேலி பண்ணுவேன். நீ சிரிக்கமாட்டாய். மோந்து பார்ப்பாய், முகம் சுளிப்பாய், துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு கிளம்புவாய்.

ஏன் என்று ஒருநாள் அந்தக் குழாயடியிலேயே சொன்னாய். உன் மகள் நஸ்ரீன் அப்போது நாலாவது. பள்ளிக்கூடத்தில் அம்மா அப்பாக்களைக் கூப்பிட்டிருந்தார்கள். பர்மிஷன் போட்டுவிட்டு நேராகப் போனாய். எல்லா அம்மாக்களும் ஃபேனுக்குக் கீழே நின்றார்களாம். நீ போய் ஜன்னல் பக்கம் நின்றாயாம், காற்று வெளியே போகிற பக்கமாகப் பார்த்து. பிள்ளையின் ரேங்க் கார்டைக்கூடக் கையை நீட்டி எட்ட நின்று வாங்கினாயாம். "எம் பொண்ணு மேல இந்த வாசன ஒட்டக் கூடாது. கம்பெனி கேட்டு பக்கமே அவள விடமாட்டேன்" என்றாய். விடவும் இல்லை. அவள் இன்றைக்கு வாணியம்பாடியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். கையில் டெட்டால் வாசம்தான் வரும்.

துபாயில் இருந்த உன் தம்பி லீவில் வந்தபோது ஒரு செண்ட் பாட்டில் கொண்டுவந்தான். அதன் அட்டைப்பெட்டியை மட்டும் நீ கம்பெனிக்கு எடுத்து வந்ததை நம் லைனில் இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சாப்பாட்டு மணியில் அதை நடுவில் வைத்தாய். பெட்டிக்குப் பின்னால் என்னென்ன வாசம் கலந்திருக்கிறது என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. கடைசி வரியில் விரலை வைத்து, "இன்னா போட்டிருக்கான் பாரு" என்றாய். லெதர். நாம் எலுமிச்சை தேய்த்துக் கழுவுகிறதை வெளிநாட்டில் காசு கொடுத்துப் பூசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்ததும் மேஜைக்கு மேஜை சிரிப்பு. சூப்பர்வைசர் வந்து என்ன விஷயம் என்று கேட்டுவிட்டுப் போனார். எல்லோரும் சிரித்துவிட்டு மறந்துபோனோம், நீ மறக்கவில்லை. அன்றிலிருந்து டீ பிரேக்கில் போனைக் காதில் வைத்துக்கொண்டு செண்ட்டைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாய். எனக்கும் ஒரு காதுக்கு இயர்போன் கொடுத்தாய்.

ஆர்டர் குறைந்து நம் லைனை மூடியபோது கடை வைக்கலாம் என்று சொன்னதும் நீதான். பஜாரில் அத்தர் கடைக்குக் குறைவா என்றேன். அங்கெல்லாம் ஆம்பளைங்க நிற்கிறார்கள், ஒரு பொம்பளை நின்று நிதானமாக நாலு குப்பி மோந்து பார்க்க முடியுமா என்று கேட்டாய். அது சரிதான் என்று பட்டது. சந்துக்குள்ளே, தையல்கடைக்குப் பக்கத்தில், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்கவேண்டிய கடை. எந்தக் குப்பி எது என்று தெரிய லேபிள் ஒட்டினோம். எண்ணெய் பட்டு எழுத்தெல்லாம் அழிந்தது. அதனால் கம்பெனி நூல்கண்டில் மிஞ்சியதைக் கொண்டுவந்து ஒவ்வொரு குப்பிக்கும் ஒவ்வொரு கலராகக் கழுத்தில் கட்டினாய். வெளிச்சம் பட்டால் அத்தர் கெடும் என்று குப்பிகள் எல்லாம் கறுப்புக் கண்ணாடி. உள்ளே இருப்பதன் நிறம் வெளியே தெரியாது. அன்றைக்கு அது கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தது.

ஸ்ப்ரே பாட்டில்களால் வந்த பேஜார் வேறு. ஒரு அம்மா வாங்கிப் போன பாட்டிலை மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து மேஜைமேல் டொக்கென்று வைத்தாள். டாய்லெட் என்று எழுதியிருக்கிறது, கக்கூஸுக்கு அடிக்கிறதையா என் தலையில் கட்டுகிறீர்கள் என்று சண்டை. நான் மிரண்டுபோனேன். நீ அவளை உட்கார வைத்து டீக்கணக்கில் விளக்கினாய். தண்ணி டீ, சாதா டீ, ஸ்ட்ராங் டீ, எல்லாவற்றிலும் ஒரே டீத்தூள்தான். டாய்லெட் என்று போட்டது சாதா டீ, வாசனை எண்ணெய் கம்மி, ஸ்பிரிட் ஜாஸ்தி, மதியத்துக்குள் போய்விடும். பர்ஃபம் என்று போட்டது ஸ்ட்ராங். அத்தர் என்றால் பால்கூட ஊற்றாத டிகாக்‌ஷன், ஸ்பிரிட்டே கிடையாது, ஒரு சொட்டுப் போதும். அந்த அம்மா அதே பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது, மணிக்கட்டில் போட்டுத் தேய்க்காதே, தேய்த்தால் முதல் வாசம் செத்துவிடும் என்றும் சொல்லி அனுப்பினாய்.

ஆனால் முதல் மாதம் நாம் பண்ணிய கூத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. மோந்து பார்க்கக் காகிதப் பட்டை வேண்டும், அதைச் சென்னையிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். எதற்கு என்றேன் நான். கம்பெனியில் வெட்டிப்போட்ட தோல் துண்டு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதே என்று சொல்லி ஒரு பை நிறைய வாங்கி வந்தேன். விரல் அகலத்துக்குப் பட்டை பட்டையாக வெட்டி அடுக்கினோம், பார்க்க அழகாக இருந்தது. வந்தவர்கள் எல்லாம் தோல் பட்டையில் மோந்து பார்த்து, ஆகா, எவ்வளவு ஆழமான வாசம் என்று வாங்கிப் போனார்கள். பத்து நாளில் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். கடையில் ஒரு வாசம், வீட்டில் ஒரு வாசம், தண்ணி கலந்து விற்கிறீர்கள் என்று. நாம் இரண்டு பேரும் பட்டையை மோந்தோம், கையில் போட்டு மோந்தோம். நமக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தது. சத்தியமாக வித்தியாசம் தெரியவில்லை. கடைசியில் தையல்கடை அக்கா வந்து, அடிப்பாவிகளா, செருப்பு வாசம் வருது என்று சொன்ன பிறகுதான் விளங்கியது. பதினான்கு வருஷத்தில் நம் மூக்கு தோலுக்கு மட்டும் மரத்துப்போயிருந்தது. ஆம்பூரில் வேறு யார் கடை வைத்திருந்தாலும் இந்தத் தப்பு நடந்திருக்காது.

நீ அதையும் பாடமாக்கிக்கொண்டாய். எதையும் ஓயாமல் மோந்தால் மூக்கு அதைக் கணக்கில் சேர்க்காது. நாலாவது குப்பிக்கு மேல் போனால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அப்போது கொஞ்சம் நிறுத்தி, தன் முழங்கை மடிப்பையோ புடவைத் தலைப்பையோ மோந்துவிட்டு மறுபடி வரவேண்டும். சந்தேகம் வந்தால் வேறு ஒரு குப்பியைத் திறந்து ஒத்துப் பார்க்கவேண்டும். வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக் கொடுத்தோம். கம்பெனி வாழ்க்கையை விட்டு ஒரு வருஷமானதும் உன் மூக்குக்குத் தோல் வாசம் திரும்ப வந்துவிட்டது. பஜாரில் செருப்புக்கடையைத் தாண்டும்போது முந்தானையால் மூக்கைப் பொத்துவாய். எனக்கு மட்டும் வரவில்லை. பசை குடித்த மூக்கு, ரிட்டயர் ஆகமாட்டேன் என்கிறது என்று நீ சொல்லிச் சிரித்தாய்.

மூக்கு திரும்பிய பிறகுதான் உனக்கு அந்த வீம்பு வந்தது. கடைக்கு வந்த லெதர் ஸ்ப்ரே ஒன்றை மோந்து, "இதுவா தோலு? இவன் தோல் ஷாப்ப எட்டிக்கூடப் பாத்ததில்ல" என்றாய். லெதர் என்று போட்டிருந்தாலும் அதற்குள் தோல் கிடையாது, நாலைந்து வாசத்தைச் சேர்த்துத் தோல் மாதிரி பிரமை உண்டாக்குகிறார்கள், அந்தச் சேர்மானத்துக்கு அக்கார்ட் என்று பெயர் என்று எனக்குச் சொன்னதும் அப்போதுதான். கோரைக்கிழங்கு எண்ணெய், குங்குமப்பூ வாசம், கரியப் போட்ட மரப்பட்டை எண்ணெய் என்று வரவழைத்து இரண்டு மாதம் சொட்டுச் சொட்டாகக் கலந்தாய். ஒருநாள் மதியம் பட்டையை என் மூக்குக்கு முன் நீட்டினாய். எனக்கு ஒன்றுமே வரவில்லை என்றேன். அப்போது தோல் ஷாப்பில், தோல் பதனிடுகிற வேலை செய்கிறவரின் மனைவி ஒருத்தி கடையில் நின்றிருந்தாள். அவளிடம் நீட்டினாய். அவள் மோந்துவிட்டு, இதை எதற்கு விற்கிறீர்கள், எங்கள் வீட்டுக்காரர் சட்டையில் தினம் சும்மா வருகிறதே என்றாள். நீ பரிசு வாங்கியவள் மாதிரி நின்றாய்.

யாரும் வாங்கப் போவதில்லை, கீழே ஊற்றிவிடு என்றேன். நன்றாக வந்துவிட்டதே, எப்படி ஊற்றுவது என்றாய். காபி கலர் நூல் கட்டிக் கடைசிக் குழியில் வைத்தாய். அதற்கப்புறம் நீ அதைத் திறந்து நான் பார்த்ததில்லை.

உனக்கென்று நீ பூசிக்கொண்டது ரோஜா மட்டும். அதுவும் வீட்டில், வெள்ளிக்கிழமை. வெளியே வாசம் பூசிக்கொண்டு வரமாட்டாய். ஒரு நோன்பு மாதத்தில் ரோஜாவைப் பெரிய பாட்டிலிலிருந்து குப்பிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தோம். அப்போது சொன்னாய். "நான் போறப்ப இத்த வெச்சு அனுப்பு. கம்பெனி வாசனையோட அல்லா முன்னாடி போயி நிக்கமாட்டேன்." சிந்தாமல் ஊற்று முதலில் என்று நான் சொன்னேன். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. இப்போது யோசித்தால், சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அந்த நாளைப் பற்றி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். விடிகாலைத் தொழுகைக்கு எழுந்து உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாய் என்று நஸ்ரீன் போன் பண்ணினாள். நான் வந்தபோது ஏழரை மணி. முன்னறையில் ஊதுபத்திப் புகை, உன் உறவுப் பெண்கள், கம்பெனியில் நம்மோடு இருந்த நாலைந்து பேர். மதியத் தொழுகையோடு அடக்கம் என்றார்கள். உன் நாத்தனார் என்னிடம் வந்து, கடையில் ஸ்பிரிட் கலக்காத நல்ல அத்தர் இருக்குமே, போர்த்துகிற கஃபன் துணிக்கும் மையத்து உடம்புக்கும் வைக்க ஒன்று எடுத்துவர முடியுமா என்று கேட்டார். உன்னை அம்மி என்றே கூப்பிடுகிற நஸ்ரீன் பின்னால் நின்று, "ரோஸ் ஆன்ட்டி. அம்மி ரோஸ்னு சொல்லிக்கினே இருப்பாங்க" என்றாள். என்னிடம் ஒருதடவை சொன்னதை அவளிடம் பலதடவை சொல்லியிருக்கிறாய் போல.

கடைக்கு நடந்தேன். பாதி ஷட்டர் தூக்கிக் குனிந்து உள்ளே போனேன். லைட் போடவில்லை, போடவேண்டும் என்று தோன்றவில்லை. பெட்டியைத் திறந்து நூலைப் பார்த்தேன். அந்த இருட்டில் மெரூன் என்றுதான் தெரிந்தது. மூடியைத் திறந்து மோந்தும் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. இன்றைக்கு எதுவும் வராதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அழுகையே வராதவளுக்கு ரோஜாவா வரப்போகிறது? பக்கத்திலிருந்த மல்லிகையைத் திறந்து ஒத்துப் பார்த்திருந்தால் போதும். மல்லிகை வந்திருக்கும், கையிலிருப்பது வரவில்லை என்று பிடிபட்டிருக்கும். ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிற பாடத்தை அன்றைக்கு நான் செய்யவில்லை. குப்பியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்து, திரைக்கு இந்தப் பக்கம் நின்று நீட்டினேன். ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது.

உன்னைத் தூக்கிக்கொண்டு போகும்போது வாசற்படிவரை வந்தேன். எனக்கு முன்னால் போன காற்றில் என்ன வாசம் இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை உண்மை தெரிந்தது. செவ்வாயும் புதனும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலேயே இருந்துவிடலாம் என்றும் நினைத்தேன். தோல் வாசம் தெரியாத மூக்கு எனக்கு, குளிப்பாட்டியவர்களில் பாதிப் பேர் இன்னும் கம்பெனிக்குப் போகிறவர்கள், யாருக்குத் தெரிந்திருக்கும்? ஆனால் நஸ்ரீன் ரோஸ் என்று வாய்விட்டுக் கேட்டிருந்தாள். அவளுடைய அம்மாவை அவள் கேட்டபடி அனுப்பிவிட்டோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்க, நான் தினம் அந்தத் தெருவில் எப்படிப் போய்வருவது? வியாழக்கிழமை சாயங்காலம் அவள் வேலைவிட்டு வருகிற நேரம் பார்த்துப் போனேன்.

டீ போட்டுக் கொண்டுவந்தாள். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நூல், இருட்டு, மூக்கு, எல்லாம். மன்னித்துவிடு என்றும் சொன்னேன். அவள் அசையாமல் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, "தெரியும் ஆன்ட்டி" என்றாள்.

மூடியைத் திறந்தவுடனே தெரிந்துவிட்டதாம். குப்பியை வாங்கிய கையே அவளுடையதுதானாம். மற்றவர்களுக்கு எதுவும் பிடிபடவில்லை, பஞ்சை அதில் நனைத்து உன் நெற்றியிலும் கையிலும் அவள்தான் வைத்தாளாம். பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீங்க போயி ரோஸ் எடுத்துக்கினு வந்திருப்பீங்க" என்றாள்.

அப்புறம் என் கையில் ஆறிப்போன டீயை வாங்கி வைத்துவிட்டுச் சொன்னாள். சின்ன வயதில் சாயங்காலம் உன் செருப்புச் சத்தம் கேட்டதும் ஓடி வருவாளாம். கை கழுவிட்டு வரேன், கிட்ட வராதே என்று நீ குழாய்க்கு ஓடுவாயாம். அதற்குள் பின்னால் வந்து கட்டிக்கொண்டுவிடுவாளாம். நீ கழுவி முடித்துவிட்டால் அப்புறம் வெறும் சோப்புதானாம். "அந்த வாசனதான் ஆன்ட்டி எனக்கு அம்மி. ரோஸ் கட ஆரம்பிச்சதுக்கப்புறம் வந்தது. அம்மிக்கு இது புடிக்காது, ஒத்துக்கமாட்டாங்க, எனக்குத் தெரியும். அன்னிக்கு அம்மிக்கு வேண்டியத பாக்கல நான். எனக்கு வேண்டியதத்தான் பாத்தேன்."

அது பாவமா ஆன்ட்டி என்று கேட்டாள்.

உங்கள் மார்க்கத்தில் அதற்கு என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் யாரிடமாவது கேள் என்றும் சொல்ல வாய் வரவில்லை. குப்பியை அவள் மாற்றவில்லை, நான்தான் மாற்றிவிட்டேன், கொடுத்ததை அவள் வைத்தாள், அவ்வளவுதான் என்றேன். அவள் என் மடியில் முகத்தை வைத்து அழுதாள். நீ இருந்தால் எப்படித் தட்டிக்கொடுப்பாயோ அப்படித் தட்டிக்கொடுத்தேன். எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் அவள் தலை கனம் தொடையில் தெரிந்தது. ஐம்பது நாளில் என் உடம்புக்குத் தெரிந்த முதல் சமாச்சாரம் அது.

எழுந்து வரும்போது குப்பியில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் தரமாட்டேன் என்றாள். நானும் வற்புறுத்தவில்லை.

ஜன்னல் பக்கம் நின்று பிள்ளையின் ரேங்க் கார்டை எட்டி வாங்கியவள் நீ. அந்தப் பிள்ளைக்கு அந்த வாசம்தான் வேண்டியிருந்தது என்று உன்னிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை, எனக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் நீ கொஞ்சம் குறைவாகத் தேய்த்திருப்பாயோ என்னவோ. அதற்காக நான் செய்தது சரியாகிவிடாது. நீ ரோஜா கேட்டாய், நான் தரவில்லை. நீ போய் நிற்கிற இடத்தில் உனக்கு வெட்கமாக இருந்திருந்தால், திரும்பி வந்து திட்ட முடியுமானால், கடைக்கு வந்து என்னைத் திட்டு. நான் பத்து மணிக்குத் திறந்துவிடுவேன். அவளிடம் போகாதே. அவளுக்கு இருபத்திரண்டு வயதுதான் ஆகிறது. குப்பியை மாற்றி எடுத்தவள் நான். அதில் அவளுக்குப் பங்கு கொடுப்பதாக இல்லை.